தோணியில கயறு

சுடலைமுத்து, என் மச்சானே,

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில், என் தம்பி வீட்டின் தெற்கறையில் அமர்ந்து, பிப்ரவரி பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடத்திற்கு இக்கடிதத்தை எழுதத் தொடங்குகிறேன். நீ இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டாரு வே, நிமிசத்தோட!" என்று சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். நீ போய் இன்றோடு நூற்று எழுபத்தொன்பது நாள். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதற்கு முன், உன்னிடம் ஒரு கேள்வியை ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வராமலிருந்த அந்த இரண்டு மாதத்தில் நீ என்னை விட்டுவிட்டுத் தபால்காரனோடு தனியாகப் போய்விட்டாயா என்பதே அந்தக் கேள்வி. அதைச் செல்வியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் மகள் முகத்தைப் பார்த்து, "உன் அப்பா என் மேல் கோபத்தோடு போனாரா?" என்று எப்படிக் கேட்பது?

இதை வேறு சிலரும் படிக்கக்கூடும். நம் சங்கதி தெரியாதவர்கள் எந்தத் தபால்காரன் என்று விழிப்பார்கள். ஆகையால் முறையாகச் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள். நான் சுற்றி வளைக்கிறேன் என்று நீ கொட்டாவி விடுவது எனக்குப் புதிதன்று.

நான் மின்நிலையத்தில் மணிக்கு மணி அளவு பார்த்து லாக் புத்தகத்தில் எழுதியவன். நீ தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். மூணாறு அருகே சித்திரபுரத்தில் என் குவார்ட்டர்ஸுக்கும் உன் வீட்டுக்கும் நடுவே ஒரு சரிவும் ஒரு குழாயடியும்தான். பணி ஓய்வு பெற்று நான் இங்கே தம்பி வீட்டுக்கு வந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு முறை பேசினால் அதிகம் என்றாகியிருந்தது. அப்படியிருக்கையில் ஒரு நாள் மாலை நீ கூப்பிட்டாய்.

"வே மச்சான், பெட்டிக்குள்ள ஒரு தபால்காரன் நிக்கான்."

"எந்தப் பெட்டிக்குள்ளப்பா? தெளிவாச் சொல்லு."

"கம்ப்யூட்டரு வே. மூணாத்துல பிரவுசிங் சென்டர மூடுதான்னு செல்விக்கு ஒண்ணு வாங்கியாந்தேன்லா, அதுக்குள்ள ஏற்கெனவே கெடந்திருக்கான். கையில ஒரு கடுதாசி வச்சிருக்கான். என்னமோ இங்கிலீசுல கேக்கான். நான் என்னத்தக் கண்டேன்? நீரு வந்து என்னன்னு கேளும்."

அது ஒரு பழைய கணினி விளையாட்டு. துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. திரையில் வரைந்த படம் ஒன்று தெரியும். அதற்குள் ஓர் ஆள் நிற்பான். அம்புக்குறியை ஓரிடத்தில் வைத்து அழுத்தினால் அங்கே நடந்து போவான். படத்தின் கீழே ஒன்பது ஆங்கிலச் சொற்கள் வரிசையாக இருக்கும். பார், எடு, திற, தள்ளு, இழு, கொடு, பேசு என்பன போன்றவை. ஒரு சொல்லை அழுத்திவிட்டுப் பிறகு ஒரு பொருளை அழுத்தினால், அந்த ஆள் அந்தச் செயலைச் செய்து பார்ப்பான். சரியான பொருளுக்குச் சரியான சொல்லைக் கண்டுபிடித்தால் கதை நகரும். கண்டுபிடிக்காவிட்டால் நிற்கும். ஒரு வாரமானாலும் ஓர் ஆண்டானாலும் அவன் அங்கேயே, மூச்சு வாங்கிக்கொண்டு, அவ்வப்போது காலை மாற்றிக்கொண்டு நிற்பான்.

நம் ஆள் ஒரு தபால்காரன். ஒரு தீவுத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறான். அவனிடம் கலங்கரை விளக்கத்துக் காவலருக்குச் சேர வேண்டிய பதிவுத்தபால் ஒன்று இருக்கிறது. காவலர் எங்கே என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்ல மறுக்கிறார்கள். கையெழுத்து வாங்காமல் திரும்பிப் போகக் கூடாது என்பது அவனுக்கு உத்தரவு. எனக்கு அவனை முதல் நாளே பிடித்துப் போயிற்று.

அன்றிலிருந்து ஆறு ஆண்டுகள், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை, கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று மூன்று பேருந்து மாறி உன் வீட்டுக்கு வந்தேன். ஒரு விளையாட்டுக்கு ஆறு ஆண்டுகளா என்று கேட்பார்கள். மாதத்தில் ஒன்றரை நாள். அதிலும் பாதி நேரம் நம் இருவருக்கும் சண்டை. அப்படியானால் ஆறு ஆண்டுகள் குறைவுதான்.

சுட்டியை நீ பிடிப்பாய். ஐம்பது வயதுக்கு மேல் என் கை நடுங்கத் தொடங்கியது உனக்குத் தெரியும். திரையில் வரும் ஆங்கிலத்தை நான் உரக்கத் தமிழில் சொல்வேன். பொருந்தாத ஒன்றைச் செய்யச் சொன்னால் தபால்காரன் தலையை ஆட்டி ஒரே ஒரு வாக்கியம் சொல்வான். அதை முதல் தடவை, "அது இயலாது என்று கருதுகிறேன்" என்று மொழிபெயர்த்தேன். "அவன் என்ன ஜட்ஜா வே? 'அது நடக்காது'ன்னு சொல்லுதான், அவ்வளவுதான்," என்றாய். அதற்குப் பிறகு அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் நீயே முந்திக்கொண்டு சொல்வாய். செல்வி சோற்றுக்கு அழைத்தாலும் அதையே சொல்வாய்.

குறிப்பேடு என் பொறுப்பு. தேதி, நேரம், இடம், செய்தது, விளைவு என ஐந்து பத்தி கோடு போட்டு வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் நம் ஒப்பந்தம் இருக்கிறது: "ஒருவர் இல்லாதபோது மற்றவர் விளையாட்டைத் தொடரலாகாது." கீழே இருவர் கையெழுத்து. நீ போட்டது கையெழுத்தே அன்று, ஒரு வளைவு. அதையும் அன்று நான் ஆட்சேபித்தேன்.

சென்ற ஏப்ரல் பதின்மூன்றாம் தேதிதான் நாம் பழைய படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். கல் படிகள், ஒரு மரப்பாலம், அதன் ஓரத்தில் கட்டிக் கிடக்கும் ஒரு தோணி. 'பார்' என்ற சொல்லை அழுத்தித் தோணியை அழுத்தினாய். அடிப்பலகையில் ஓட்டை இருப்பதாகத் தபால்காரன் சொன்னான். 'தள்ளு' போட்டாய், நடக்காது. 'இழு' போட்டாய், நடக்காது.

"ஏறிப் பாப்பமா வே?" என்றாய்.

"ஓட்டைத் தோணியில் எவனாவது ஏறுவானா? அதற்கு வேறு வழி இருக்கும்," என்றேன்.

"இது என்ன நெசத் தோணியா, முங்கிச் சாவ?"

"படமானாலும் ஒரு நியாயம் வேண்டாமா?"

அன்று பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்திற்கு நான் எழுதிய வரி இப்போதும் என் எதிரே இருக்கிறது. "தோணியில் ஓட்டை. ஏற இயலாது." முயன்று பார்க்காமலேயே எழுதினேன், சுடலை. என் பணிக்காலம் முழுவதும் மீட்டர் முள்ளைக் கண்ணால் பார்க்காமல் ஓர் அளவையும் எழுதியவனில்லை நான். இதை மட்டும் அப்படி எழுதினேன். நீயும் என் எழுத்துக்குக் கட்டுப்பட்டு அடுத்த பக்கம் போனாய். மே மாதமும் ஜூன் எட்டாம் தேதியும் நாம் அந்தப் படகுத்துறையில்தான் நின்றோம்.

அதற்கப்புறம் நடந்தது நம் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று எண்ணியிருந்தேன். ஜூன் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடத்திற்கு உன் அழைப்பு வந்தது. உன் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"வே மச்சான்! வழி கண்டுபிடிச்சாச்சு வே! நம்ம தபால்காரன்..."

"நிறுத்து," என்றேன். "நீ தனியாக விளையாடினாயா?"

"அட, கேளும் வே முதல்ல. நான் வந்து சும்மாதான்..."

"ஒப்பந்தம் என்ன சொல்கிறது?"

"ஒப்பந்தத்துல தீய வைக்க! நான் சொல்லுதத..."

"தனியாகவே கண்டுபிடிக்கத் தெரிந்தவன் தனியாகவே முடித்துக்கொள். நான் எதற்கு? இங்கிலீசு படிக்கவா?"

தொலைபேசியை வைத்துவிட்டேன். நீ மறுபடி இரண்டு முறை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. ஜூலை பதின்மூன்று வந்தது, நான் வரவில்லை. ஆகஸ்ட் பத்து வந்தது; காலையில் பையை எடுத்துத் துணியெல்லாம் வைத்தேன். பிறகு, நீ கூப்பிட்டால்தான் போவது என்று முடிவு செய்து பையைப் பிரித்தேன். நீ கூப்பிடவில்லை. என்னைப் போல் உனக்கும் வீம்பு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். உனக்கு மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

ஆகஸ்ட் இருபத்தொன்று, புதன்கிழமை, காலை ஆறேகாலுக்குச் செல்வி பேசினாள். மறையூருக்கு மேலே மழை. மரம் விழுந்து பாதை அடைத்திருந்தது. உன் வீட்டு வாசலில் நான் இறங்கியபோது மணி நான்கு நாற்பது. உன்னை மூன்று மணிக்கே எடுத்திருந்தார்கள்.

"மாமா வந்துக்கிட்டிருக்காக, இன்னுங் கொஞ்சம் பொறுங்கன்னு எல்லார் கால்லயும் விழாத கொறையாச் சொன்னேன் மாமா," என்று செல்வி அழுதாள். "மழை விட்ட நேரம் பாத்துத் தூக்கிட்டாங்க."

அவளுக்கு நான் என்ன ஆறுதல் சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு நினைவில்லாத விஷயங்கள் மிகச் சில. அது அவற்றுள் ஒன்று.

காரியங்கள் முடிந்த பின், செப்டம்பர் இருபதாம் தேதி, தேயிலை ஏற்றி வந்த ஒரு ஜீப்பில் கணினியையும் குறிப்பேட்டையும் செல்வி இங்கே அனுப்பிவிட்டாள். "நீங்களே வச்சுக்கங்க மாமா. இதப் பாத்தா அப்பா ஒக்காந்திருக்க மாதிரியே இருக்கு. பள்ளிவாசல் ஊர்ல ஒரு லாட்ஜுல வேலைக்குப் போறேன். பகலெல்லாம் பூட்டுன வீட்டுல இது எதுக்கு?" என்றாள்.

என் அறையில் இதற்கு இடம் பண்ணுவதற்காக அலமாரியை நகர்த்தினோம். தம்பி மனைவி சரசு ஒரு பழைய புடவையை மடித்து மேலே போர்த்திவிட்டாள். நான்கு நாள் அதைத் தொடாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் காலை புடவையை எடுத்தேன்.

இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. விட்ட இடத்தைப் பெயரிட்டுச் சேமித்து வைக்கலாம். அருகிலேயே தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். நீ சேமித்தது ஒன்று இருந்தது. ஆகஸ்ட் பதினெட்டு, மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. நீ போவதற்கு மூன்று நாள் முன்பு! அப்படியென்றால் ஜூனிலிருந்து நீ விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். காவலரைக் கண்டுபிடித்திருப்பாய். கடிதத்தைக் கொடுத்திருப்பாய். அதில் என்ன எழுதியிருந்தது என்று, ஆங்கிலம் தெரியாமலேயே, எப்படியோ தெரிந்துகொண்டிருப்பாய்.

அதைத் திறந்தேன். படகுத்துறை வந்தது. தபால்காரன் மரப்பாலத்தின் ஓரத்தில், தோணிக்கு எதிரே, கடிதத்தோடு நின்றான். ஜூன் எட்டாம் தேதி நாம் விட்ட அதே இடம். ஓர் அடி முன்னில்லை, ஓர் அடி பின்னில்லை.

என்ன நினைத்தேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது. முழுவதையும் முடித்துவிட்டு, எனக்குத் தெரியக்கூடாதென்று பழைய இடத்துக்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாய் என்று நினைத்தேன்.

பிறகு குறிப்பேட்டைப் புரட்டினேன். ஜூன் எட்டாம் தேதிக்குக் கீழே, ஐந்து பத்திகளையும் மதிக்காமல் குறுக்கே, கொட்டை எழுத்தில், உன் கையால் ஒரு வரி. ஆறு ஆண்டுகளில் அந்தக் குறிப்பேட்டில் நீ எழுதிய ஒரே வரி.

"தோணியில கயறு."

தேதி இல்லை. நேரம் இல்லை. எழுத்துப்பிழை வேறு. நான் என்ன செய்தேன் என்று நீயே ஊகித்திருப்பாய். சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். 'யகரத்துக்கு இகரம் விடுபட்டது' என்று ஓரத்தில் குறித்து, 'கயிறு' என்று மேலே திருத்தினேன். இறந்து முப்பத்தைந்து நாளான ஒருவனுடைய எழுத்தைத் திருத்திய பின்தான் எனக்கு அழுகை வந்தது, முன்னால் வரவில்லை.

ஆக, தோணியில் ஒரு கயிறு இருக்கிறது. அதுதான் நீ கண்டுபிடித்த வழி. நான் தேடத் தொடங்கினேன்.

சுடலை, அந்தத் தோணியில் அணு அணுவாக அம்புக்குறியை வைத்துப் பார்த்தேன். நடுங்கும் கையால் சுட்டியை நகர்த்துவது எத்தனை பாடு என்று உனக்குத் தெரியாது. நீதான் தேயிலை எந்திரத்துத் திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவனாயிற்றே. முனை, அடி, துடுப்பு, கட்டியிருந்த முளை எல்லாவற்றிலும் 'எடு' போட்டேன். கடைக்குத் திரும்பிப் போய் மீனவர் மனைவியிடம் கயிறு கேட்டேன். மணிக்கூண்டில் தொங்கும் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். அது நடக்காது. அது நடக்காது. அந்த வாக்கியத்தை ஒவ்வொரு தடவையும் உரக்கத் தமிழில் சொல்லிவிட்டு, பக்கத்தில் திரும்பிப் பார்ப்பேன்.

"ஏனுங் மாமா, ஆருகிட்டப் பேசிட்டிருக்கறீங்க?" என்று சரசு ஒரு நாள் வாசற்படியில் நின்று கேட்டாள்.

"ஒருத்தருகிட்டயும் இல்லைம்மா."

"காப்பி ஆறிப் போச்சுங்க. அந்தத் தபால்காரனுக்கும் ஒரு டம்ளர் கொண்டாரட்டுங்களா?"

கேலிதான்; நல்ல மனசுக்காரி. ஆனால் அவள் போன பிறகு அந்த அறை முன்னிலும் பெரிதாகத் தெரிந்தது. இந்த வீட்டில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. வேளைக்குச் சோறு, வெந்நீர், தம்பி வயலிலிருந்து வந்தால் மழையைப் பற்றியும் தென்னை நோயைப் பற்றியும் பேசுவான். சண்டை போடத்தான் ஆளில்லை. "அது தவறு" என்று நான் சொன்னால், "சரிங்க" என்று கேட்டுக்கொள்கிறார்கள். இதைவிடத் தனிமையான சொல் வேறு இருக்கிறதா?

அக்டோபர் போயிற்று, நவம்பர், டிசம்பர். இரண்டாம் சனிக்கிழமைகளில் மட்டும் கணினியைத் திறப்பது என்று விதி வைத்துக்கொண்டு, அதை மீறி நாள்தோறும் திறந்தேன். கயிறு கிடைக்கவில்லை. கிடைக்காமல் போகப் போக என் சந்தேகமும் தடித்தது. உனக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை? நீ அதை எடுத்துப் பயன்படுத்தி, அப்பால் போய், திரும்பி வந்து... இப்படியே போயிற்று என் எண்ணம். நீ என் மேல் கோபமாகத்தான் போனாய் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டேன்.

இம்மாதம் எட்டாம் தேதி, சனிக்கிழமை. கணினிக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்று பாலக்காட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பேருந்து நிலையத்தில் எலப்புள்ளி வண்டி புறப்படும் நிலையில் நின்றது. நான் படியருகே நின்று, பெயர்ப் பலகையை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தேன். நீ அறிவாய், படிக்காமல் நான் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. நடத்துநர் பொறுமையிழந்து கதவைத் தட்டி, என்னை மாமா என்று மலையாளத்தில் விளித்து விரட்டினார்.

"அம்மாவா, கயறு! வேகம் கயறு!"

மச்சான், நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நாள்தோறும் காதில் விழுகிற சொல். பிறந்ததிலிருந்து இந்தக் கேரள எல்லையில் கேட்கிற சொல். பேருந்தில் ஏறச் சொன்னால் கயறு. வீட்டுக்குள் வரச் சொன்னால் கயறு. மலையாளத்தில் கேட்டால் என் காலே அறியும், ஏறிவிடும். தமிழ் எழுத்தில் நீ எழுதியதால் என் கண் அதைத் தமிழ்ச் சொல்லாகப் படித்துவிட்டது. உன் பேச்சில் மலையாளச் சொல் எத்தனை கலக்கும், அவற்றையெல்லாம் வரிக்கு வரி நான் எப்படித் திருத்துவேன்! பெயர்ச்சொல் என்று நான் ஐந்து மாதம் தேடியது ஏவல் வினை. கயிறு இல்லை, சுடலை. ஏறு. தோணியில் ஏறு.

"கயறுன்னுண்டோ இல்லையோ?" என்றார் நடத்துநர்.

"ஏறுகிறேன்," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவாமல் கணினியின் முன் உட்கார்ந்தேன். எந்தச் சொல்லையும் தேர்ந்தெடுக்காமல், வெறுமனே, தோணியின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினேன். தபால்காரன் மரப்பாலத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்றான். பிறகு தோணிக்குள் இறங்கி நின்றான். தோணி சற்று அமிழ்ந்தது. அவ்வளவுதான், முழுகவில்லை. அமிழ்ந்ததால் அவன் கண் மட்டம் தாழ்ந்தது; பாலத்தின் அடியில், தூண்களுக்கு நடுவே, ஒரு சிறு மரக்கதவு தெரிந்தது. ஓட்டை இருந்தால்தான் அந்தத் தோணிக்கு உபயோகமே.

ஏப்ரல் பதின்மூன்றில் நீ "ஏறிப் பாப்பமா" என்றாய். நான் இயலாது என்று எழுதினேன்.

உடனே குறிப்பேட்டை எடுத்தேன். லாக் புத்தகத்தில் தவறை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு கிழித்து, சுருக்கொப்பமிட்டு, தேதி போட வேண்டும் என்பது நான் பழகிய முறை. என் சிவப்புத் திருத்தத்தின் மேல் கோடு கிழித்தேன். "திருத்தம் தவறு. மூலமே சரி" என்று கறுப்பு மையில் எழுதிக் கையொப்பமிட்டேன். 'ஏற இயலாது' என்ற என் வரிக்கும் அதே தண்டனை.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருந்தது. இத்தனை எளிய வழி என்றால், நீ அந்தக் கதவைத் திறந்துதான் இருப்பாய் அல்லவா? மறுநாள், ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்குச் செல்வியைக் கூப்பிட்டேன். நலம் விசாரித்தேன். லாட்ஜில் கூட்டமா என்று கேட்டேன். பனி எப்படி என்று கேட்டேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அப்பா அந்த விளையாட்டைத் தனியாக முடித்துவிட்டாரா, செல்வி?"

அவள் சிரித்தாள், மச்சான். உன் சிரிப்பு.

"முடிக்கவா? நீங்க வேற மாமா! அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குச் சொல்லலையா? சும்மா அந்தப் படத்தப் போட்டு வச்சுக்கிட்டு, தூசி தட்டுதேன்னு துணிய வச்சுச் சுட்டியத் தொடச்சுக்கிட்டிருந்தாக. கை பட்டு அமுங்கி, அந்த ஆளு பொசுக்குன்னு தோணிக்குள்ள எறங்கிட்டான். அப்பாவுக்கு மொகமே செத்துப் போச்சு. 'ஐயோ, மச்சான் வையுமே!'ன்னு ஓடிப் போயி வீட்டு மெயினையே அமத்திட்டாக. அடுப்படியில எனக்கு மிக்ஸி நின்னு போச்சு. நான் கத்துனேன்."

"பிறகு?"

"பெறகு போட்டுப் பாத்தா, சேவ் ஆகாததால பழைய எடத்துலயே நின்னான். அப்பதான் மூச்சு வந்துச்சு. ஒடனே ஒங்களுக்குப் போனு. நீங்க வச்சிட்டீங்க."

நான் குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கோவமா இருந்தாரான்னு கேக்கீகளா மாமா? வஞ்சாக. ரெண்டு நாளு நல்லா வஞ்சாக. அப்புறம் தெனமும் சாயங்காலம் போட்டுப் பாப்பாக. அந்த ஆளு அங்கனயே நிக்கானான்னு பாத்துட்டு, கரண்டு போயிருமேன்னு மறுக்கா சேவ் பண்ணிட்டு மூடிருவாக. ஏம்ப்பா, வழிதான் தெரியுமே, போயிரலாம்லான்னு கேட்டேன். 'அது நடக்காது. மச்சான் வரட்டும். அவரு வந்து ஏறச் சொல்லட்டும், பெறவுதான் காலு வைப்பேன்'ன்னாக. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்துன நாளும் போட்டுப் பாத்தாக."

ஜூன் இருபத்தைந்திலிருந்து ஆகஸ்ட் பதினெட்டு வரை ஐம்பத்து நான்கு நாள். வழி தெரிந்துகொண்டே ஐம்பத்து நான்கு மாலை நீ அந்தத் தோணியின் முன் நின்றிருக்கிறாய். மூச்சு முட்டும் உடம்போடு நாற்காலியில் உட்கார்ந்து, ஓரடி எடுத்து வைக்காமல், எனக்காக. நான் இங்கே பையைக் கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அது என் நெஞ்சின் பாரத்தை இறக்கி வைக்கும் என்று எண்ணியிருந்தேன், அப்படி நடக்கவில்லை. நீ கோபமாகப் போயிருந்தால்கூட என் பங்குக்கு நானும் கோபித்துக்கொண்டு இருந்துவிட்டிருப்பேன். உன் காத்திருப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இந்த ஒரு வாரம் கதவைத் திறக்கவில்லை. தபால்காரன் அமிழ்ந்த தோணியில் நிற்கிறான். காலையில் திறந்து பார்ப்பேன், மாலையில் திறந்து பார்ப்பேன், சேமித்துவிட்டு மூடுவேன். நீ செய்தது போலவே நானும் காத்திருப்பதுதான் மரியாதை என்று முதலில் பட்டது. ஒப்பந்தமும் அப்படித்தானே சொல்கிறது? ஒருவர் இல்லாதபோது மற்றவர் தொடரலாகாது.

நேற்றுப் பிற்பகல் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தெளிந்தது. நான் வராமலிருந்தது என் பிடிவாதம். ஒரு பேருந்து ஏறியிருந்தால் தீர்ந்திருக்கும். நீ வராமலிருப்பது அப்படியன்று. உன் காத்திருப்புக்கு ஒரு முடிவு இருந்தது. நான் என்றேனும் வருவேன் என்று நீ நம்பினாய். எனக்கு அந்தச் சலுகை இல்லை. அவனை இந்தத் தோணியிலேயே நிறுத்தி வைத்தால், காவலருக்குச் சேர வேண்டியது சேராமல் போகும். அதற்கு நீ சம்மதிக்கமாட்டாய், நானும்தான்.

ஆகவே வாக்குக் கொடுக்கிறேன், சுடலைமுத்து. நாளை, திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணிக்கு அந்தக் கதவைத் திறப்பேன். ஒப்பந்தத்தை நான் மீறுகிறேன் என்று எழுதி, காரணத்தையும் எழுதி, ஒப்பமிட்டு வைப்பேன். சுட்டியை நானே பிடிப்பேன். கை நடுங்கித் தப்பான இடத்தில் அழுந்தினால் அங்கேயும் போய்ப் பார்ப்பேன். முயன்று பாராமல் இனி எதையும் இயலாது என்று எழுதமாட்டேன். கதவுக்கு அப்பால் யார் என்ன பேசினாலும், நீ கேட்கும்படி, தமிழில், உரக்கச் சொல்வேன். வாசலில் யார் நின்று கேட்டாலும் நிறுத்தமாட்டேன்.

இப்படிக்கு,
நீ ஏறச் சொல்லியும் ஐந்து மாதம் தாமதித்து ஏறிய
உன் மச்சான்,
எலப்புள்ளி பழனிச்சாமி